மூச்சு நிற்கும் உறக்கம்: சிகிச்சைக்கு முன் ஓர் ஆயத்தப் பாடம்



ஆலயத்திற்கு வரும் நாம் இறைவனிடம் வேண்டும் வரங்களில் நோயற்ற வாழ்வும் நீண்ட ஆயுளும் முதலிடம் பெறுகின்றன. பிள்ளைகளின் படிப்புக்காக அர்ச்சனை செய்கிறோம். வேலைக்காகவும் திருமணத்திற்காகவும் நேர்ந்துகொள்கிறோம். ஆனால் நல்ல உறக்கம் வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்வதில்லை. படுத்தால் தானாக வருவதுதானே என்ற எண்ணமே அதற்குக் காரணம். வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கும் மனிதன் அந்தப் பங்கைப் பற்றி மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறான்.

குறட்டையை நாம் நல்ல உறக்கத்தின் அடையாளமாகக் கருதிப் பழகிவிட்டோம். வீட்டில் ஒருவர் பெரிதாகக் குறட்டை விட்டால் அவருக்குக் 'கும்பகர்ணன்' என்று பெயர் சூட்டிச் சிரிக்கிறோம். "உழைத்த களைப்பு, அசந்து தூங்குகிறார்" என்று பெருமையாகவும் சொல்கிறோம். உண்மை பல நேரங்களில் இதற்கு நேர்மாறானது. அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சில விநாடிகள் அமைதி நிலவி, பிறகு திணறலுடன் மறுபடி தொடங்குமானால், அந்த அமைதியின்போது அவர் மூச்சு விடவில்லை என்று பொருள். மருத்துவர்கள் 'ஸ்லீப் ஏப்னியா' என்று அழைக்கும் இந்நோயை இக்கட்டுரையில் உறக்க மூச்சுத்தடை என்று குறிப்பிடுவோம்.

இது அரிதான நோயன்று. சிங்கப்பூரில் பல இனத்தவரிடமும் நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்நோய் நடுத்தர அளவிலோ கடுமையாகவோ இருப்பதாகக் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஆகவே, இந்த மலரைக் கையில் எடுக்கும் குடும்பங்களில் பலவற்றில் இந்நோய் உள்ள ஒருவர் இருக்கக்கூடும்.

இக்கட்டுரை சிறப்பாக ஒரு கட்டத்தில் நிற்பவர்களுக்காக எழுதப்படுகிறது. பரிசோதனை முடிந்துவிட்டது, நோய் இருப்பது உறுதியாகிவிட்டது, இன்னும் சில நாட்களிலோ வாரங்களிலோ சிகிச்சை தொடங்க வேண்டும். இந்த இடைப்பட்ட நாட்களை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பலருடைய சிகிச்சை நிலைப்பதும் நின்றுபோவதும் அமைகின்றன. காவடி எடுப்பவர் தைப்பூசத்தன்று காலையிலா ஆயத்தமாகிறார்? பல நாட்களுக்கு முன்பே விரதம் தொடங்கி உடலையும் மனத்தையும் பக்குவப்படுத்திக்கொள்கிறார் அல்லவா? இந்தச் சிகிச்சைக்கும் அத்தகைய ஆயத்தம் வேண்டும்.

நோய் என்ன செய்கிறது?

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் இறுக்கத்துடன் நின்று மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிந்து, தொண்டைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மார்பு மூச்சை இழுக்க முயல்கிறது, ஆனால் காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் உயிர்க்காற்றின் அளவு குறைகிறது. ஆபத்தை உணர்ந்த மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்புகிறது. தசைகள் இறுகித் தொண்டை திறக்கிறது, திணறலுடன் மூச்சு திரும்புகிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இரவு முழுவதும் இப்படியே நடந்தாலும் காலையில் அவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு தீரவில்லையே என்பது மட்டும்தான் தெரியும்.

காலையில் தலைவலி, வாய் வறட்சி, பகலில் கண் சொக்குதல், மறதி, எரிச்சல், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத உயர் இரத்த அழுத்தத்திற்குப் பின்னாலும் பல நேரங்களில் இந்நோய் மறைந்திருக்கிறது. உடல் பருத்தவர்களுக்கு இது அதிகமாக வருகிறது என்றாலும், தாடை சிறியதாகவோ உள்ளடங்கியோ இருக்கும் மெலிந்தவர்களையும் விட்டுவைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அவர்களிடம் பெருங்குறட்டை இல்லாமல், தீராத அசதியும் தூக்கமின்மையும் மட்டுமே தோன்றலாம். 'வயதாகிவிட்டது, வீட்டு வேலை அதிகம்' என்று அவர்களே அதை ஒதுக்கிவிடுவதால் பல தாய்மார்களுக்கு நோய் கண்டறியப்படாமலே போகிறது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து சாலையில்தான் இருக்கிறது. லாரி, பேருந்து, டாக்சி ஓட்டும் அன்பர் ஒருவர் சாலை விளக்கில் வண்டியை நிறுத்திய சில விநாடிகளில் கண்ணயர்கிறார் என்றால், அது அவருடைய உயிரை மட்டும் பொறுத்த செய்தியன்று. பகலில் தன்னை மீறித் தூக்கம் வருபவர், சிகிச்சையால் அது தீர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை வாகனம் ஓட்டக்கூடாது. வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் இதை மறைக்கிறார்கள். முறையாகச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் மீண்டும் பாதுகாப்பாக வண்டி ஓட்ட முடிகிறது. வேலையைக் காக்கும் வழி நோயை மறைப்பதன்று, சிகிச்சையை விரைந்து தொடங்குவதே ஆகும்.

அறிக்கையைப் படிக்கத் தெரிந்துகொள்வோம்

உறக்கப் பரிசோதனை முடிந்ததும் ஓர் அறிக்கை தருவார்கள். அதை மருத்துவருக்கு உரியது என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அதில் மூன்று செய்திகளை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஒரு மணி நேரத்திற்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது பெரிதும் குறைந்தது என்ற எண். குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடைகள் மட்டுமே இதில் கணக்கிடப்படுகின்றன. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் அது இயல்பு. 5 முதல் 15க்குள் இருந்தால் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரமானது, 30ம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை. ஒரே இரவில் 210 முறை மூச்சு தடைப்பட்ட ஒருவரைப் பார்த்து, பகலில் தூங்குகிறார், சோம்பேறி என்று சொல்வது எவ்வளவு பெரிய அநீதி என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, இரத்தத்தில் உயிர்க்காற்றின் அளவு எந்த மட்டத்திற்கு இறங்கியது, எவ்வளவு நேரம் தாழ்ந்து இருந்தது என்பது. மூன்றாவது, மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை அதிகமாகிறதா, ஒருக்களித்துப் படுக்கும்போதும் அப்படியே இருக்கிறதா என்பது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசுபவர் தம் சிகிச்சையைப் புரிந்துகொண்டு தொடங்குகிறார். அறிக்கையின் படி ஒன்றை வீட்டிலும் வைத்திருங்கள்.

கருவி என்ன செய்கிறது?

நடுத்தரமான, கடுமையான நோய்க்குப் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது 'சிபேப்' எனப்படும் காற்றழுத்தக் கருவி. கட்டிலருகே வைக்கும் சிறு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் முகமூடி. இது மருத்துவமனைகளில் உள்ள ஆக்சிஜன் தொட்டி போன்றது என்று பலர் எண்ணி அஞ்சுகிறார்கள். அப்படியன்று. அறையில் உள்ள சாதாரணக் காற்றைத்தான் இக்கருவி மெல்லிய அழுத்தத்துடன் தொண்டைக்குள் செலுத்துகிறது. கால் நட்டால் பந்தல் சரியாமல் நிற்பது போல, அந்தக் காற்று தொண்டைச் சுவர்கள் சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது. மூச்சு விடுவது நாமேதான். பாதையைத் திறந்து வைப்பது மட்டுமே கருவியின் வேலை.

இதன் வரலாறும் அறியத்தக்கது. முன்பு இந்நோய் கடுமையானவர்களுக்குக் கழுத்தின் முன்புறம் துளையிட்டு, அதன் வழியாக மூச்சு விடச் செய்வதே நம்பத்தகுந்த சிகிச்சையாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் மூக்கின் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று காட்டி, ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டனர். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு செய்யப்பட்ட அக்காலக் கருவிகள் பெரும் இரைச்சல் போட்டன. முகமூடியை இரவுதோறும் முகத்தில் பசையால் ஒட்டினார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் இன்றைய கருவி உள்ளங்கைகள் இரண்டில் அடங்குகிறது, அதன் ஓசை மின்விசிறியின் ஓசையைவிடக் குறைவு.

எனினும் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். சிபேப் கொடுக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அவர்கள் கருவியை அணிந்த நேரமோ சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி மட்டுமே. ஆகவே, கருவி வாங்கிவிட்டோம், இதயத்திற்குக் கவசம் கிடைத்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. இரத்த அழுத்த மருந்து, நீரிழிவுக் கட்டுப்பாடு, புகை நிறுத்தம், எடைக் குறைப்பு ஆகிய யாவும் தொடர வேண்டும். கருவியும் பாதி இரவுக்கு அன்றி உறக்க நேரம் முழுவதற்கும் அணியப்பட வேண்டும்.

முதல் இரவுக்கு முன்

இனி ஆயத்தங்களைப் பார்ப்போம்.

வீட்டாரிடம் சொல்லுதல்: 'இந்த வயதில் முகத்தில் மூடியை மாட்டிக்கொண்டா படுப்பது?' என்ற வெட்கம் பலருக்கு உண்டு. புதிதாகத் திருமணமானவர்களுக்கு அது இன்னும் அதிகம். மனைவியோ கணவரோ மருத்துவரைக் காணும்போது உடன் வரட்டும். இரவில் மூச்சு நிற்பதைக் கண்ணால் கண்டவர் அவர்தாம். அவர் சொல்லும் விவரம் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். 'மூச்சு நின்றுவிடுமோ' என்று பயந்து இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் இந்தச் சிகிச்சையால் உறக்கம் கிடைக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் முன்கூட்டியே முகமூடியைக் காட்டிப் பழக்குங்கள். அச்சமும் கேலியும் தாமே நீங்கும்.

மருத்துவரிடம் சொல்லுதல்: நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். தூக்க மாத்திரைகளும் சில வலி மருந்துகளும் மதுவும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தியோ மூச்சுணர்வை மழுங்கச் செய்தோ நோயைக் கடுமையாக்கும். அறுவை சிகிச்சை எதுவாயினும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் இந்நோய் இருப்பதை அவசியம் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் தங்கும்போது கருவியையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

மூக்கைச் சீராக்குதல்: மூக்கடைப்பு உள்ளவருக்கு முதல் இரவே தோல்வியாக முடியலாம். ஒவ்வாமையும் சளியும் இருந்தால் அவற்றுக்கு முதலில் மருந்து பெறுங்கள். யோகப் பயிற்சியில் ஜலநேதி செய்யும் வழக்கமுடையவர்கள் அதை உப்பு நீர் கொண்டு செய்யலாம். ஆனால் குழாய் நீரை நேரே பயன்படுத்தாமல், கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும். பிராணாயாமம் மனத்தை அமைதிப்படுத்தும், நல்லது. ஆனால் உறக்கத்தில் சரிந்து அடைக்கும் தொண்டையை அது திறந்து வைக்காது. ஆகவே அதைக் கருவிக்கு மாற்றாகக் கொள்ளக்கூடாது.

முகமூடியைத் தேர்ந்தெடுத்தல்: சிகிச்சையின் வெற்றி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துளைகளில் மெத்தென்று பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மூன்று வகைகள் உண்டு. உட்கார்ந்த நிலையில் மட்டும் அளவு பார்த்துவிட்டு வாங்காதீர்கள். படுத்து, இருபுறமும் திரும்பி, கருவியை ஓடவிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் எத்தனை நாட்களுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய சில செய்திகளும் உண்டு. ஐயப்ப சாமிமார்களைப் போல விரத காலத்தில் தாடி வளர்ப்பவர்களுக்கு, வாயையும் மூடும் வகையில் காற்றுக் கசிவு அதிகமாகும். அவர்களுக்கு மூக்குத் துளைகளில் பொருந்தும் வகை ஏற்றதாக இருக்கலாம். மூக்குத்தி அணிந்த தாய்மார்கள் அது முகமூடியின் விளிம்பில் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கொண்டை பின்னந்தலையில் உயர்ந்து இருந்தால் பட்டைகள் நழுவும். பின்னிப் பக்கவாட்டில் விட்டுக்கொள்வது எளிது. தலையிலும் முகத்திலும் எண்ணெய் இருந்தால் முகமூடி வழுக்கிக் கசியும், அதன் மென்பகுதி விரைவில் கெட்டும் போகும். திருநீறும் சந்தனமும் குங்குமமும் அணிந்திருந்தால் படுக்குமுன் முகத்தைக் கழுவித் துடைத்த பிறகே முகமூடியை அணியுங்கள்.

சில முகமூடிகளில் பட்டையை மாட்டுவதற்குக் காந்தக் கொக்கிகள் இருக்கின்றன. இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தப்பட்டவர்களும், தலைக்குள் உலோகப் பொருள் வைக்கப்பட்டவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். அருகில் படுப்பவருக்கு அத்தகைய கருவி இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். காந்தம் இல்லாத முகமூடி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

படுக்கையறையை ஒழுங்கு செய்தல்: கட்டிலருகே பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். கருவியை வைக்கும் மேசை தலை மட்டத்திற்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கட்டும். குளிர்சாதனம் ஓடும் அறையில் குழாய்க்குள் நீர்த்துளிகள் தேங்கும். கருவி தாழ இருந்தால் அந்த நீர் முகத்திற்கு வராமல் திரும்பி ஓடிவிடும். ஈரப்பதம் தரும் தொட்டியில் வடிநீர் ஊற்றுவதே நல்லது. நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் ஊற்ற வேண்டும். தீர்த்தம், வாசனைத் தைலம், பன்னீர் முதலியவற்றை அதில் கலக்கவே கூடாது. சாம்பிராணி போடும் வழக்கமுள்ள வீடுகளில் புகை அடங்கிய பின்னரே கருவியை இயக்குங்கள். ஏனெனில் அறையின் காற்றைத்தான் அது உள்ளே இழுக்கிறது. வடிகட்டியை அடிக்கடி பார்த்து மாற்றுங்கள். முகமூடியின் மென்பகுதியை நாள்தோறும் மிதமான சோப்பு நீரில் கழுவி, நேர் வெயில் படாமல் உலர்த்துங்கள்.

பகலில் பழகுதல்: முகத்தை மூடினால் மூச்சு முட்டுவது போன்ற அச்சம் சிலருக்கு வரும். அவர்கள் முகமூடியை முதன்முதலாக இரவில், உறக்கத்திற்கு ஏங்கும் வேளையில் அணிவது தவறு. சில நாட்களுக்கு முன்பே பகலில் தொடங்குங்கள். முதல் நாள் கருவி இன்றி முகமூடியைக் கையால் பிடித்து முகத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்த நாள் பட்டையை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் பக்திப் பாடல் கேளுங்கள். பிறகு கருவியை இயக்கி, அமர்ந்தபடி தொலைக்காட்சி பாருங்கள். அதன்பின் ஒரு பகல் நேரத்தில் அணிந்தபடியே படுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியும் இயல்பாகத் தோன்றிய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

ஒரு மண்டலம் பொறுத்திருங்கள்

முதல் இரவிலேயே புத்துணர்ச்சி பெறுவோரும் உண்டு. பல வாரங்கள் கழித்தே மாற்றத்தை உணர்வோரும் உண்டு. ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், ஓர் இரவும் விடாமல் அணிவேன் என்று உறுதி எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர்க்கு இந்தக் கணக்கு பழகிய ஒன்று. நடு இரவில் அறியாமலே கழற்றிவிட்டால் வருந்த வேண்டாம். விழிப்பு வந்ததும் மறுபடி அணிந்துகொள்ளுங்கள். கழிவறைக்குச் சென்று திரும்பிய பின்னும் அணிய வேண்டும். விடியலை ஒட்டிய கனவு உறக்கத்தில்தான் பலருக்கும் தடை அதிகமாகிறது.

வாய் வறண்டால் ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம், அல்லது வாய் திறந்து கசிகிறது என்று பொருளாகலாம். கண்ணில் காற்று பட்டால் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை. வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறீர்கள். மூக்கின் மேல் தழும்பு விழுந்தால் பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு உண்டு. எனவே ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் படுத்த நேரம், எழுந்த நேரம், கண்ட தொல்லை ஆகியவற்றை எழுதி, மறு சந்திப்பில் காட்டுங்கள். கருவியும் தன்னுள் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளும். அழுத்தத்தை நீங்களாகவோ நண்பர் சொல்லியோ மாற்றக்கூடாது.

முயன்றும் கருவி ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பல் கருவி, ஒருக்களித்துப் படுக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு, சிலருக்கு அறுவை சிகிச்சை ஆகியவை அவை. உடற்பருமனும் நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையும் உள்ள பெரியவர்களுக்கு 'டிர்செப்படைடு' என்ற ஊசி மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் ஏற்றது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பழைய உறக்கத்திற்குத் திரும்புவது மட்டும் கூடவே கூடாது.

விழிப்பும் விரதமும் யாத்திரையும்

மகா சிவராத்திரிக்கு நான்கு காலமும் கண்விழிக்கலாமா? தைப்பூசத்திற்கு முதல்நாள் இரவு சிராங்கூன் சாலையில் தொண்டூழியம் செய்யலாமா? தீமிதிக்கு விரதம் இருக்கலாமா? இக்கேள்விகள் அன்பர்கள் மனத்தில் எழுவது இயல்பே. உறக்கம் கெட்ட மறுநாள் இந்நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத்தடையும் கூடும், பகல் தூக்கமும் கூடும். ஆகவே விழித்திருந்த மறுநாள் காலை வண்டி ஓட்டாதீர்கள். பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ வீடு திரும்பி, கருவியை அணிந்து உறங்குங்கள். பகலில் அரை மணி நேரம் கண்ணயர்ந்தாலும் கருவி வேண்டும். விரத காலத்தில் வெறுந்தரையில் படுப்பவர்கள் கருவியையும் ஒரு தாழ்வான பலகையில் அருகே வைத்துக்கொள்ளலாம். பாயும் தலையணையும் எளிமையாக இருக்கலாம், மூச்சை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உண்ணாநோன்புக்கு முன் மருந்து வேளைகளையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

தமிழகத் தலங்களுக்கு யாத்திரை செல்பவர்கள் கருவியை விமானத்தின் சரக்குப் பெட்டியில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் கடிதமும் உடன் இருக்கட்டும். இந்தியாவிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான் என்றாலும், அங்குள்ள பிளக்கின் முனைகள் உருண்டையானவை, இங்குள்ளவை சதுரமானவை. அதற்கேற்ற இணைப்பானை இங்கிருந்தே கொண்டு செல்லுங்கள். மின்வெட்டு உள்ள இடங்களில் தங்க நேர்ந்தால் மின்கலம் தேவைப்படும்.

கொடையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

தந்தையார் காலமான பின் அவர் பயன்படுத்திய கருவியை ஏழை ஒருவருக்குத் தானமாகக் கொடுக்கலாமே என்று சில குடும்பத்தினர் எண்ணுகிறார்கள். எண்ணம் உயர்ந்தது, ஆனால் எச்சரிக்கை தேவை. கருவியின் அழுத்தம் அவரவர்க்கு ஏற்ப அமைக்கப்படுகிறது. முகமூடியும் குழாயும் ஒருவர் பயன்படுத்தியதை மற்றவருக்குத் தரத்தக்கவை அல்ல. மேலும் 2021 ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், ஓசையைக் குறைக்க உள்ளே வைக்கப்பட்ட நுரைப்பொருள் சிதைந்து மூச்சுக்குள் செல்லக்கூடும் என்ற காரணத்தால், தன் பழைய கருவிகள் பலவற்றை உலகெங்கும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அத்தகைய பழைய கருவிகள் வீடுகளில் இன்னும் கிடக்கக்கூடும். ஆகவே பயன்படுத்திய கருவியை நேரே கைமாற்றாமல், மருத்துவமனையின் உறக்கப் பிரிவில் கேட்ட பிறகே எதையும் செய்யுங்கள்.

கருவிக்கும், அவ்வப்போது மாற்ற வேண்டிய முகமூடிக்கும் ஆகும் செலவு குறைந்த வருமானக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. கருவி வேண்டும் என்று சொல்லப்பட்டும் பணமில்லாமல் தள்ளிப்போடுபவர் அரசாங்க மருத்துவமனையில் உள்ள மருத்துவ சமூக ஊழியரைச் சந்தித்தால் உதவி பெறும் வழிகளை அவர் எடுத்துரைப்பார். இதைக் கேட்பதில் தாழ்வு ஏதும் இல்லை. இந்தத் தகவலைத் தேவைப்படும் ஒருவர் காதில் போடுவதே ஓர் அறம். வசதி படைத்தவர்கள் ஒரு தொழிலாளியின் கருவிச் செலவை ஏற்பார்களானால் அந்த நன்மை அவரோடு நிற்காது. அவர் ஓட்டும் பேருந்தில் பயணம் செய்யும் அத்தனை பேருக்கும் அதில் பங்கு உண்டு.

இன்னொரு தொண்டு காசில்லாமலே செய்யக்கூடியது. குறட்டையைக் கண்டு சிரிப்பதை விட்டுவிட்டு, ஓர் இரவு விழித்திருந்து கவனியுங்கள். மூச்சு நின்று திணறி மீள்வதைக் கண்டால், மறுநாளே அவரைப் பலதுறை மருந்தகத்திற்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். "நமக்கு ஒன்றுமில்லை" என்பார், கேட்காதீர்கள். உறங்கும்போது தனக்கு என்ன நேர்கிறது என்பதை அவரால் காண இயலாது. அவர் பொருட்டுக் காணவேண்டியவர்கள் அருகில் இருக்கும் நாம்தாம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் தடையற்ற மூச்சும் நிறைந்த உறக்கமும் பெற்று நல்வாழ்வு வாழ்வோமாக.